கடையில் கிடைக்காத கார்

தோழியரே, கார் என்றவுடன் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது எது? மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே ஒன்றையொன்று உரசுவதுபோல் ஊர்ந்து செல்லும் பளபளப்பான வண்டிகள்தாமே! தொழிற்சாலையில் பிறந்து, விற்பனை நிலையத்தில் மாலை அணிந்து, பங்குத்தந்தை கையால் மந்திரிக்கப்பட்டு வீடு வந்து சேர்கின்ற வண்டிகள் அவை. அவற்றைப் பற்றி எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் எழுத முன்வந்திருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு காரைப் பற்றி. அதைச் செய்தவர்கள் எங்களைவிட ஐந்தாறு வயதே மூத்தவர்கள். அதில் ஏறி, சாலையே இல்லாத நிலத்தில் சுற்றி வரும் பேறு எங்களுக்குக் கிடைத்தது. எளிதில் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் போகிறோம்.

சென்ற பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மோட்டார் வாகனக் கண்காட்சி நடைபெற்றது. பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் 41 பேரும், எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரும் பள்ளிப் பேருந்தில் புறப்பட்டோம். பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் கண்காட்சி எதற்கு என்று சில பெற்றோர் முகம் சுளித்தனர். “இயக்க விதிகள் பாடத்தைப் புத்தகத்தில் பத்து முறை படித்தாயிற்று. ஒரு முறையாவது கண்ணால் பார்க்கட்டும்” என்று சிஸ்டர் சொன்னார்கள். அதன்பின் பேச்சு எழவில்லை.

கல்லூரி அரங்கத்தினுள் பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி, அறுத்து உள்ளே காட்டிய இயந்திரங்கள் என்று பல இருந்தன. அவற்றைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. ஆனால் கட்டடத்தின் பின்புறம் ஒரு ரப்பர் விளையிலிருந்து உறுமல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கால்கள் தாமாகவே அப்பக்கம் திரும்பின.

அங்கே நாங்கள் கண்டதைக் கார் என்று அழைக்க முதலில் மனம் வரவில்லை. கதவு இல்லை, கூரை இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூண்டு. அதனுள் இரண்டு இருக்கைகள். நான்கு மூலைகளிலும் பருத்த சக்கரங்கள். “கோழிக்கூட்டுக்குச் சக்கரம் வைத்தாற்போல் இருக்கிறதே” என்று எங்களுள் ஒருத்தி முணுமுணுத்தாள். அது ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் காதில் விழுந்துவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவர் சிரித்தபோதுதான் தெரிந்தது, அவர் ஓர் அக்கா என்பது! இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிப்பவர். அந்தக் கூண்டின் இணைப்புகளில் பெரும்பாலானவற்றைப் பற்றவைத்ததும் அவர் கைகளே. தம் பெயரை இதழில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே எழுதுகிறோம்.

“இதற்கு இயந்திரம் எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டோம்.

“ஆக்கர் கடையில்” என்றார் அக்கா.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதுவே உண்மை. 1983-ஆம் ஆண்டு இறுதியில் முதன்முதலாக விற்பனைக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800 கார் எங்கள் தாத்தா காலத்து நடுத்தரக் குடும்பங்களின் கனவு. அத்தகைய காலாவதியான கார் ஒன்றை மாணவர்கள் ஆக்கர் கடையில் எடைக்கு வாங்கியிருக்கிறார்கள். மேல் தகடுகளைத் திரும்ப அங்கேயே போட்டுவிட்டு, 796 கன சென்டிமீட்டர் இயந்திரத்தையும் பற்சக்கரப் பெட்டியையும் அச்சுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் அவர்களது சாமர்த்தியம். மாருதி 800-இல் இயந்திரம் முன்னால் இருக்கும். அது முன்சக்கரங்களையே சுழற்றும். இவர்களோ அந்தத் தொகுதியை அப்படியே தூக்கி வண்டியின் பின்பகுதியில் வைத்துவிட்டார்கள். முன்சக்கரங்களாக இருந்தவை பின்சக்கரங்களாயின! திரும்புவதற்காக இருந்த கம்பிகளை, அந்தச் சக்கரங்கள் திரும்பாதபடி சட்டத்தோடு பிணைத்துவிட்டார்கள். இயந்திரத்தின் எடை முழுவதும், உந்துகின்ற சக்கரங்களின் மேலேயே அழுந்துவதால் மணலிலும் சேற்றிலும் பிடிப்பு அதிகம். சக்கரங்களில் காற்றையும் வேண்டுமென்றே குறைத்திருந்தார்கள். காற்று குறைந்தால் சக்கரம் சற்றே சப்பையாகி, நிலத்தைத் தொடும் பரப்பு கூடும். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். இது எங்கள் பாடநூலில் உள்ளதுதான். ஆயினும் அக்கா சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டியபோதுதான் எங்களுக்கு நன்றாக விளங்கியது.

கூண்டில் எங்கு நோக்கினும் முக்கோணங்கள். வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவரை அந்தக் கூண்டு காக்க வேண்டும். நாற்கரத்தை ஒரு பக்கம் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. நம் ஊர் இரும்புப் பாலங்களிலும் இதே கணக்குத்தான் என்று சிஸ்டர் எடுத்துரைத்தார்கள்.

இப்படி வண்டி செய்யும் வழக்கம் எங்கே தொடங்கியது என்பதை விளக்க அட்டைகளில் எழுதி மரங்களில் கட்டியிருந்தார்கள். பின்னர் பள்ளிக் கணினி அறையிலும் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் இருந்தார். கண்ணாடி இழையால் படகு செய்வது அவர் தொழில். 1964-இல் அவர் அதே கண்ணாடி இழையால் ஒரு காருக்கு உடல் செய்து, வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இயந்திரத்தைப் பின்னால் பூட்டினார். அதற்கு மேயர்ஸ் மாங்ஸ் என்று பெயர். அதைப் பாகம் பாகமாகப் பெட்டியில் விற்றார். வாங்கியவர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொண்டார்கள். 1967-இல் மெக்சிகோ நாட்டின் பாஹா தீபகற்பத்தில் பாலை நிலத்தின் ஊடே நடந்த முதல் நெடும் பந்தயத்தில் வென்றது அத்தகைய ஒரு வண்டியே. மேயர்ஸ் 2021-இல் தமது 94-ஆம் வயதில் காலமானார்.

படகு செய்தவர் கார் செய்தார் என்று படித்தபோது, குளச்சலிலிருந்து வரும் எங்கள் தோழியர் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தனர். குளச்சல் கரையில் வரிசையாகக் கிடக்கும் ஃபைபர் வள்ளங்களும் அதே கண்ணாடி இழைதான் அல்லவா! கட்டுமரத்தில் சென்றவர்களுக்காக நம் மாவட்டத்தில் முட்டத்திலேயே, கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் படகு கட்டும் நிலையத்தில், பெல்ஜிய நாட்டவரான பியேர் ஜிலே 1970-களில் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். பலகைத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு தைத்து, பசையால் ஒட்டிச் செய்யும் முறை அது. மேயர்ஸும் ஜிலேயும் சந்தித்திருந்தால் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

நம் நாட்டிலும் இத்தகைய ஆர்வலர்களுக்குக் குறைவில்லை. ஜீப் வண்டியே நம்மிடம் வந்தது பாகம் பாகமாகத்தான். வில்லிஸ் ஜீப்பின் உறுப்புகளைக் கப்பலில் வரவழைத்து, 1940-களின் இறுதியில் மும்பையில் மகிந்திரா நிறுவனத்தார் பூட்டி விற்கத் தொடங்கினர். கோவையைச் சேர்ந்த கரிவரதன் அவர்கள் மாருதி 800-இன் இயந்திரத்தை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரால் இன்று செட்டிபாளையத்தில் பந்தயப் பாதை உள்ளது. ஆக, எங்கள் அக்காவின் கூட்டத்தார் ஆக்கர் கடைக்குப் போனது புதிய வழி அன்று, நல்ல வழி.

மாணவர்களுக்கென்றே ஒரு போட்டியும் உண்டு. அந்த மெக்சிகோத் தீபகற்பத்தின் பெயரையே அதற்குச் சூட்டி 1976-இல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். இந்தியாவில் 2007 முதல் மத்தியப் பிரதேசத்தில் இந்தூருக்கு அருகே பீதம்பூரில் நடைபெற்று வருகிறது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்த ஒற்றை இருக்கை வண்டியோடு வந்து மலையேற்றம், தடை தாண்டல் எல்லாம் செய்து, கடைசி நாளில் நான்கு மணி நேரம் இடைவிடாது ஓட்ட வேண்டும். மின்சார வண்டிகளுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. அக்காவின் கூட்டத்தார் போட்டிக்கு ஒற்றை இருக்கை வண்டி ஒன்று செய்தார்கள்; பின்னர், ஊராரையும் ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசையால் இந்த இரட்டை இருக்கை வண்டியைச் செய்தார்கள்.

இவ்வளவு நன்றாக ஓடும் வண்டி சாலைக்கு வரக் கூடாதாம்! தொழிற்சாலை பதிவு செய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. எனவே ஒரு குட்டி யானை வண்டியின் முதுகில் ஏறித்தான் இது ஊர்வலம் வருகிறது. சட்டம் சரியா தவறா என்று எங்களுக்குள் பேருந்தில் பெரும் விவாதம் நடந்தது. கண்டபடி மாற்றிய வண்டியால் பிறர் உயிருக்கு ஆபத்து என்பது சரியே. ஆனால் இவ்வளவு அறிவோடு செய்தவருக்குச் சோதனை வைத்து அனுமதி தரவும் ஒரு வழி வேண்டாமா என்பதே பெரும்பாலோர் கட்சி.

இனி நாங்கள் ஏறிய கதைக்கு வருவோம். சுற்றுக்கு ஒருவராக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்றதும், அதை ஒழுங்கு செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். “பெண் பிள்ளைகள் பார்த்தால் போதும், மக்களே. துப்பட்டாவும் சடையும் எங்கேயாவது மாட்டினால் யார் பதில் சொல்வது?” என்றார்.

அவர் கூறியதில் பாதி உண்மை உண்டு என்பதை நாங்கள் மறுக்க மாட்டோம். சுழலும் அச்சில் துணி சிக்கினால் என்ன ஆகும் என்பதை எல்லாரும் அறிவோம். ஆனால் எங்களுக்குச் சற்று முன்னர் வேட்டி கட்டிய ஓர் அண்ணன், அது இறக்கைபோல் பறக்கப் பறக்கச் சுற்றி வந்தாரே! அவரை எவரும் எதுவும் கேட்கவில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை. சிஸ்டருக்கு வந்தது.

அக்கா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார், அதனுள் வலை போட்டுச் சுருட்டி வைத்திருந்த சடையை அவிழ்த்துவிட்டார். அது இடுப்பைத் தாண்டியது. “ஐயா, நான் காலையிலிருந்து இருபது சுற்று ஓட்டிவிட்டேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பெரியவர் சற்று நேரம் வண்டியைப் பார்த்தார். பிறகு நகர்ந்து நின்றார். அன்று முதல் அங்கே புதிய விதி பிறந்தது. தொங்கும் துணி யாருக்கும் ஆகாது, சடை வலைக்குள் போக வேண்டும், வேட்டிக்காரருக்கும் இடமில்லை. எங்கள் துப்பட்டாக்களை மடித்துச் சிஸ்டரிடம் கொடுத்தோம். “அப்படியானால் என் அங்கிக்கும் இடமில்லை” என்று சிரித்தபடி, 41 துப்பட்டாக்களையும் இரு தோள்களிலும் சுமந்துகொண்டு சிஸ்டர் ரப்பர் மரத்தடியில் நின்றார்கள்.

நேரமோ குறைவு. பெட்ரோலும் 16 சுற்றுக்கு மேல் வராது என்றார்கள். சிஸ்டர் தமது குறிப்பேட்டைக் கிழித்துச் சீட்டுப் போட்டார்கள். எங்களுள் 16 பேருக்கு விழுந்தது. 25 பேருக்கு விழவில்லை. ஆனாலும் ‘நாங்கள்’ ஏறினோம் என்றே எழுதுகிறோம். ஏறியவர் இறங்கியதும் மற்றவர் சூழ்ந்துகொண்டு விடாமல் கேட்டதில், இப்போது யார் உண்மையில் ஏறினார், யார் கேட்டறிந்தார் என்பதே எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது.

இருக்கையில் அமர்ந்ததும் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து வார்களால் கட்டுகிறார்கள். மூச்சு விடலாம், அசைய முடியாது. “கையைக் கூண்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. மற்றபடி கத்தலாம்” என்றார் அக்கா. கத்தினோம்! முதல் மேட்டில் ஏறும்போது ஆகாயம் மட்டுமே தெரிகிறது. உச்சியைத் தாண்டியதும் வண்டி கீழே விழ, வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடுகிறது. நிலைமம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த நோட்டிலும் இல்லை. அடுத்து சரிவு, ஒரு பக்கச் சக்கரங்கள் மேலே, மறுபக்கம் கீழே. அந்த வேளையில் எங்களுள் பலர் செபமாலையின் முதல் பத்து மணிகளை முடித்துவிட்டோம். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விட்டிருந்த காலமாதலால், பாதை முழுதும் பழஞ்சருகு. அதன்மேல் வண்டி மீன்போல் நழுவியது.

பாதை ஓரிடத்தில் காரணமின்றி வளைந்து சென்றது. விசாரித்தபோது, அங்கே தேன் பெட்டிகள் இருந்தன என்றார்கள். பெட்டிகளை நகர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மார்த்தாண்டத்துப் பிள்ளைகள் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெட்டியைச் சிறிது தூரம் நகர்த்தினாலும், இரை தேடிப் போன தேனீக்கள் பழைய இடத்திற்கே திரும்பி வந்து தவிக்கும். ரப்பர் தளிர்விடும் காலந்தான் தேன் வரத்துக் காலமும். ஆகவே வண்டிக்காரர்கள் பாதையை மாற்றிவிட்டார்கள்.

கடைசியில் லாரித் தண்ணீர் விட்டுக் குழைத்த சேற்றுக் குழி. நான்காவதாக ஏறியவள் போனபோது வண்டி அங்கே மாட்டிக்கொண்டது. இடது பின்சக்கரம் ‘விர்’ரென்று சுழன்று சேற்றை வாரி இறைத்தது, வலது சக்கரமோ அசையாமல் நின்றது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டுமல்லவா? அதற்காக இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு உண்டு. அதன் குறை என்னவென்றால், பிடிப்பில்லாத சக்கரத்தையே அது சுழற்றிக்கொண்டிருக்கும். பிடிப்புள்ள சக்கரத்தால் பயன் இல்லாமல் போய்விடும். அக்கா பதறவில்லை. இருக்கைகளுக்கு நடுவே இருந்த இரு கைப்பிடிகளில் இடப்பக்கத்ததை மெல்ல இழுத்தார். இடது சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழுந்தது. விசை வலது சக்கரத்திற்குத் திரும்பியது. ஒரு குலுக்கலில் வண்டி கரையேறியது. நாஞ்சில் நாட்டு வயல்களில் உழும் டிராக்டரில் இடத்திற்கும் வலத்திற்கும் தனித்தனி பிரேக் மிதிகள் இருப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்ததாம். எல்லாரும் கைதட்டினார்கள், வரிசைப் பெரியவர் உட்பட.

இனி எங்கள் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சம்மதத்துடனேயே எழுதுகிறோம். வீட்டில் மிக்சி பழுதானாலும் தையல் இயந்திரம் நின்றாலும் அவளே பிரித்துப் பார்ப்பவள். அவளுக்குச் சீட்டு விழவில்லை. சீட்டு விழுந்த இருவர் தங்களுடையதைத் தர முன்வந்தனர், அவள் வாங்கவில்லை. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் சக்கரத்தின் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். அங்கே போய் நின்றாள். முதலில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். நான்கு சுற்றுக்குப் பின் தானே முடுக்கினாள். வரிசையாக முடுக்கக் கூடாது, எதிரெதிர் நட்டுகளாக முடுக்கினால்தான் சக்கரம் நேராக உட்காரும் என்று எங்களுக்குப் பாடமும் எடுத்தாள். அவள் முழங்கை வரை எண்ணெய்.

அவள் தாயார் அவளைச் செவிலியர் படிப்பிற்கு அனுப்ப எண்ணியிருக்கிறார். அவர்கள் மயினி குவைத்தில் செவிலியாக இருந்துதான் அந்தக் குடும்பத்தின் கடனை அடைத்தார். வீட்டுக்குக் கான்கிரீட் கூரையும் போட்டார். இதை நாங்கள் குறைத்துப் பேச முடியாது. எங்கள் வகுப்பில் எத்தனையோ வீடுகள் அத்தகைய அன்னையராலும் அத்தையராலும் எழுந்தவை. நோயாளிக்குச் செய்யும் பணிவிடை ஆண்டவருக்கே செய்வது என்று நாங்கள் படித்தும் இருக்கிறோம். ஆனால் அவளுக்கு ஊசியைப் பார்த்தால் தலை சுற்றும்; நட்டைப் பார்த்தால் சுற்றாது. என்ன செய்வது?

அக்காவிடம் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். “பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உள்ள பிரிவை எடு. இரண்டு கதவும் திறந்திருக்கும். படிப்பு சற்று அதிகம், அவ்வளவுதான்” என்றார் அக்கா. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தமிழக அரசின் கல்விக் கட்டணச் சலுகை உண்டென்றும், தாம் அதில்தான் படிப்பதாகவும் சொன்னார். அக்காவின் அப்பா பால் வெட்டுத் தொழிலாளி.

திங்கட்கிழமை காலை அந்தத் தாயார் பள்ளிக்கு வந்தார்கள். கையில் மகளுடைய சீருடை. எத்தனை முறை துவைத்தும் எண்ணெய்க் கறை போகவில்லை. சிஸ்டரிடம் அதைப் பற்றித்தான் முறையிடப் போகிறார்கள் என்று நாங்கள் தாழ்வாரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றோம். மண்ணெண்ணெய் தேய்த்தால் போகும் என்று சிஸ்டர் சொன்னார்கள். “அது இருக்கட்டும் சிஸ்டர். அந்த வண்டி ஓட்டின பிள்ளைக்குப் படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா?” என்று அவர் கேட்டார்.

சிஸ்டர் அப்போதே அக்காவைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் தேறியிருப்பதாகவும், நேர்முகத் தேர்வு இன்னும் முடியவில்லை என்றும் அக்கா ஒளிக்காமல் சொன்னார். தாயார் அடுத்து ஓராண்டுக்கு எவ்வளவு செலவாகும், விடுதி உண்டா, வெல்டிங் செய்யும்போது கண் கெடாதா என்று வரிசையாகக் கேட்டார்கள். தொகையை மட்டும் ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதச் சொல்லி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள்.

மார்ச் மாதம் பள்ளியில் தந்த விருப்பப் படிவத்தை எங்கள் தோழி நிரப்பிவிட்டாள். பெயர், பிறந்த தேதி, பங்கு, பெற்றோர் தொழில் எல்லாம் அவள் கையெழுத்து. எந்தப் பிரிவு என்ற கட்டத்தை மட்டும் அம்மா எழுதட்டும் என்று வெறுமையாக விட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.